தீபாவளி ஸ்டாலில் அம்மா எழுதிக் கொடுத்த சீட்டு: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பதினாறு ஆண்டுகளாக நம் தமிழ்ச் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் சங்கத்தின் தமிழ்ப் பள்ளியில்தான் எழுத்துக் கூட்டக் கற்றார்கள். பொங்கல் விழாவுக்கு முந்நூறு பேருக்கு வெண்பொங்கல் கிளறும் குழுவில் எனக்கும் ஓர் இடம் உண்டு. அந்த உரிமையில், நம் விழா ஸ்டால்களில் மூத்தோருக்கு மருத்துவக் காப்பீடு விற்கப்படும் விதம் பற்றி எழுதுகிறேன். எங்கள் சங்கத்தை மட்டும் குறை சொல்வதற்காக அல்ல. வேறு ஊர்களில் இருக்கும் தோழிகளிடம் பேசியபோது அங்கும் இதே கதை என்று தெரிந்தது. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

2024 தீபாவளி விழா. அரங்க வாசலில் வழக்கம்போல வரிசையாக ஸ்டால்கள். நகைக்கடை, வீட்டுக்கடன், கல்லூரி ஆலோசனை. கடைசி மேசையில் மூத்தோருக்கான மருத்துவக் காப்பீடு. நன்றாகத் தமிழ் பேசும் ஒரு தம்பி நின்றிருந்தார். துணிப்பை ஒன்றைக் கொடுத்து, "ஆன்ட்டி, பேரு போட்டுட்டுப் போங்க, குலுக்கல்ல பரிசு இருக்கு" என்றார். அம்மா பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் மூன்றையும் தன் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: மெடிகேர் திட்டங்கள் பற்றிப் பேச என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று. (மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைக் கடந்தவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு.) அதை நான் படித்தது ஆறு மாதம் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு.

நான் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம் போன் வந்தது. முழுக்கத் தமிழில். பல்லுக்கு இலவசம், கண்ணாடிக்கு இலவசம், மாதப் பிரீமியம் பூஜ்யம், இப்போது இருக்கும் டாக்டரே தொடரலாம். "உங்க பழைய சப்ளிமென்டுக்கு மாசாமாசம் பொண்ணு கட்டுற காசு மிச்சம் ஆன்ட்டி" என்ற வாக்கியம்தான் அம்மாவைச் சாய்த்தது. அம்மா கிரீன் கார்டில் வந்தவர். இங்கே வேலை பார்த்து வரி கட்டிய வரலாறு இல்லை. அதனால் ஐந்து ஆண்டு இங்கே வசித்த பிறகு மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ, டாக்டர் செலவுக்கான பார்ட் பி இரண்டுக்கும் நாங்கள் பணம் கட்டித்தான் மெடிகேரில் சேர்த்திருந்தோம். 2025 கணக்கில் முழுப் பிரீமியம் மாதம் 518 டாலரும் 185 டாலரும். அதற்கு மேல், மெடிகேர் கொடுக்காமல் விடும் பங்கை ஈடுகட்டும் மெடிகேப் என்ற தனியார் சப்ளிமென்ட் பாலிசிக்கும் பிரீமியம் வேறு. பெண்ணுக்குப் பாரமாக இருக்கிறோமே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்த ஒரு தாய்க்கு அந்த வாக்கியம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சரி என்று சொல்லிவிட்டார். எனக்கு இன்ப அதிர்ச்சி தரலாம் என்று சொல்லாமலும் இருந்துவிட்டார். சப்ளிமென்டை நிறுத்தச் சொல்லி அந்தத் தம்பி அனுப்பிய தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

2025 ஜனவரி 1 முதல் அம்மா ஒரு மெடிகேர் அட்வாண்டேஜ் திட்டத்தில், அதாவது மெடிகேர் பலன்களை அரசுக்குப் பதில் ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் திட்டத்தில். பிப்ரவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, நான்கு நாள் மருத்துவமனை, அதன் பிறகு மறுவாழ்வு மையம். அங்கே பன்னிரண்டாம் நாள். அம்மாவால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரைக்கும்தான் நடக்க முடிகிறது. மதியச் சாப்பாட்டுத் தட்டோடு ஒரு தாளும் வந்தது. "இங்க ஒரு சைன்" என்றார்கள், போட்டார். இன்னும் இரண்டு நாளில் காப்பீட்டுத் திட்டம் பணம் கொடுப்பதை நிறுத்திக்கொள்ளும் என்பதுதான் அந்தத் தாள். மறுப்பதென்றால் மறுநாள் நண்பகலுக்குள் ஒரு எண்ணுக்கு அழைத்து விரைவு மேல்முறையீடு கேட்டிருக்க வேண்டும். மறுநாள் மாலை வேலை முடிந்து போன நான், தலையணைக்கடியில் மடித்து வைத்திருந்த அதைப் பார்த்தபோது மணி ஆறரை.

மேலும் பதினோரு நாள் அம்மாவை அங்கேயே வைத்திருந்தோம், எங்கள் கையிலிருந்து கட்டி. பழைய ஏற்பாடு இருந்திருந்தால்? மூன்று நாள் உள்நோயாளியாக இருந்து, பயிற்சி பெற்ற செவிலியர் அல்லது இயன்முறைப் பயிற்சி தினமும் தேவைப்படுகிறவருக்கு, அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேர் முதல் 20 நாளுக்கு முழுப் பணமும் கொடுக்கும். 21 முதல் 100 வரை நோயாளி கட்ட வேண்டிய பங்கை அம்மாவிடம் இருந்த மெடிகேப் ஜி வகைப் பாலிசி கட்டியிருக்கும்.

என் வீட்டுக் கதை இத்தோடு போதும். நீங்கள் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்து நடந்ததை.

புகார் கொடுக்க எங்கள் மாநிலக் காப்பீட்டுத் துறைக்குப் போன் செய்தேன். கார் காப்பீட்டில் ஒரு முறை அவர்களிடம் போய் மூன்று வாரத்தில் தீர்வு வாங்கியிருக்கிறேன், அந்த நம்பிக்கை. எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: அந்த ஏஜெண்டின் உரிமம் எங்கள் கையில், அதை விசாரிக்கலாம். ஆனால் அவரை அனுப்பிய நிறுவனம், அதன் விளம்பரம், அது சிகிச்சையை நிறுத்தியது, இதில் எதிலும் எங்களால் கை வைக்க முடியாது, மெடிகேருக்குப் போன் செய்யுங்கள். அங்கே செய்தேன். மொழிபெயர்ப்பாளர் வைத்து அம்மாவையும் பேச வைத்தேன். அவர்கள் புகாரைப் பதிந்து அந்த நிறுவனத்துக்கே அனுப்பினார்கள். ஏஜெண்ட் என்ன சொன்னார் என்ற பதிவைக் கேட்டேன். இன்றுவரை வரவில்லை.

யாரும் எங்களிடம் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் அவரவர் எல்லைக்குள் நின்று பேசினார்கள். அந்த எல்லைக் கோடு எங்கே, எப்போது போடப்பட்டது என்று தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் காப்பீடு என்பது மாநிலத்தின் பொறுப்பு. 1945ல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் அதை உறுதி செய்தது. 1965ல் மெடிகேர் வந்தபோது அது மத்திய அரசின் திட்டம். அது விட்ட இடைவெளிகளை நிரப்ப வந்த தனியார் பாலிசிகள்தான் மெடிகேப். 1970களில் அந்தச் சந்தையில் நடந்த அநியாயம் கொஞ்சமல்ல. ஒரே பாட்டிக்கு ஒன்றுக்கொன்று உதவாத நாலைந்து பாலிசிகளை விற்றார்கள். 1980ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தலையிட்டது. 1990ல் கடுமையான சட்டம் வந்தது: 1992லிருந்து, மூன்று மாநிலங்கள் நீங்கலாக, எல்லா நிறுவனமும் அன்று ஏ முதல் ஜே வரை வகுத்த பத்தே வகைப் பாலிசிகளைத்தான் விற்கலாம், ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இரண்டாவதை விற்பது குற்றம். விதியின் அடித்தளத்தை வாஷிங்டன் போட்டது. விதியை வகுப்பதில் மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் சங்கத்துக்கும் பங்கு கொடுத்தது. கண்காணிக்கும் வேலையை மாநிலங்களிடம் விட்டது. மத்திய அரசும் மாநிலமும் ஏரின் இரு மாடுகளாக இழுத்த ஏற்பாடு அது. இன்றும் ஒரு மெடிகேப் நிறுவனம் ஏமாற்றினால் மாநிலக் காப்பீட்டுத் துறை அதைக் கூண்டில் ஏற்றலாம்.

மெடிகேர் அட்வாண்டேஜ் அப்படி இல்லை. 1997ல் வேறு பெயரில் தொடங்கியது. 2003 டிசம்பரில் மருந்துக் காப்பீட்டோடு சேர்த்து வந்த சட்டம் அதற்கு இந்தப் பெயரைக் கொடுத்தது. அதே சட்டத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: மத்திய அரசு வகுக்கும் விதிகள் மாநிலச் சட்டங்கள் அனைத்தையும் மீறி நிற்கும், இரண்டைத் தவிர. ஒன்று, நிறுவனத்துக்கு மாநிலம் தரும் உரிமம். மற்றொன்று, அந்த நிறுவனத்திடம் கடனைத் தீர்க்கும் அளவுக்குப் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது. மாநில அதிகாரி என்னிடம் போனில் சொன்னது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

விளைவு உடனே தெரிந்தது. 2007 ஜூனில் புகார்கள் பெருகி, ஏழு நிறுவனங்கள் ஒரு வகை அட்வாண்டேஜ் திட்டத்தின் விற்பனையைத் தாங்களாகவே நிறுத்திவைக்க ஒப்புக்கொள்ளும் நிலை வந்தது. 2008ல் காங்கிரஸ் இன்னொரு சட்டம் போட்டது, அதிபரின் வீட்டோவையும் மீறி. அழைக்காத வீட்டுக்கதவைத் தட்டக் கூடாது, அனுமதி இல்லாமல் போன் செய்யக் கூடாது, விற்பனைக் கூட்டத்தில் சாப்பாடு போடக் கூடாது, ஏஜெண்டுக்கு மாநில உரிமம் கட்டாயம் வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் ஏஜெண்ட் மாநிலத்திடம், அவருக்குக் கமிஷன் கொடுக்கும் நிறுவனம் வாஷிங்டனிடம் என்ற பிளவும் அதில்தான் உறுதியாயிற்று. 2025ல் ஒருவரைப் புதிதாகச் சேர்த்துவிட்டால் பெரும்பாலான மாநிலங்களில் 626 டாலர் வரை கமிஷன்; கலிஃபோர்னியா, நியூ ஜெர்சியில் 780 வரை. உரிமம் இழந்த ஒரு தம்பியின் இடத்தில் அடுத்த மாதம் வேறொரு தம்பி நிற்பார்.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று என் கணவர் கேட்டார். கலிஃபோர்னியாவில் ஒரு மகன் போனார். மறுவாழ்வு மையத்திலிருந்து அப்பாவைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள், அதனால்தான் அவர் இறந்தார் என்று வழக்கு. அந்த மகன் மாநிலச் சட்டத்தின் கீழ் கேட்ட அலட்சியம், முதியோர் வதை போன்ற எந்தக் கோரிக்கையும் செல்லாது, 2003 சட்டத்தின் அந்த வாக்கியம் அவற்றை விழுங்கிவிடுகிறது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2023ல் தீர்ப்பளித்தது. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மத்திய அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மெடிகேரை நடத்தும் சிஎம்எஸ் அமைப்பு அபராதம் போடுகிறது, தணிக்கை செய்கிறது. 2023ல் விளம்பர விதிகளை நன்றாக இறுக்கியது. 2025 மேயில் மூன்று பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் மீதும் மூன்று தரகு நிறுவனங்கள் மீதும், கமிஷன் என்ற பெயரில் லஞ்சம் கைமாறியதாக மத்திய அரசின் நீதித்துறை அமைச்சகம் குற்றம்சாட்டியிருக்கிறது. அது நிரூபிக்கப்பட வேண்டிய வழக்கு. ஆனால் 2025ல் 3.4 கோடிப் பேர், மெடிகேர் தகுதி உள்ளவர்களில் பாதிக்கும் மேல், இந்தத் திட்டங்களில் இருந்தார்கள். பால்டிமோர் அருகே இருக்கும் சிஎம்எஸ் தலைமையகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பள்ளிக்கூட அரங்கின் வாசலில் நடப்பதைப் பார்க்க முடியாது. நம் ஊர்க்காரருக்குத்தான் நம் ஊர்த் தெரு தெரியும். இது ஒரு கட்சியின் குரலும் அல்ல. 50 மாநிலங்களின் ஆணையர்களும் உறுப்பினராக உள்ள தேசியக் காப்பீட்டு ஆணையர் சங்கம், மெடிகேர் அட்வாண்டேஜ் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று 2022ல் காங்கிரஸுக்கே எழுதியது.

விதி ஒன்றாக இருந்தால்தானே நல்லது, ஐம்பது மாநிலத்துக்கு ஐம்பது விதி என்றால் குழப்பம் அல்லவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பணம் மத்திய அரசின் பணம். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை அது தீர்மானிக்கட்டும். நான் கேட்பது விற்பனையைப் பற்றி மட்டும். விதி வாஷிங்டனுடையதாகவே இருக்கட்டும். அதை மீறியவரைப் பிடிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கும் இருக்கட்டும். மெடிகேப்பில் முப்பது ஆண்டுக்கு மேலாக இது நடக்கிறது, குழப்பம் ஒன்றும் வரவில்லை.

அதே சமயம் மாநிலங்களைப் பற்றிய ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். தம் கையில் இருக்கும் அதிகாரத்தையே அவை முழுதாகப் பயன்படுத்தவில்லை. 65 வயதாகிப் பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் மெடிகேப் எடுத்தால் நோயைக் காட்டி யாரும் மறுக்க முடியாது. அந்த ஆறு மாதம் போய்விட்டால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, சர்க்கரை, இதயம், புற்று என்று எதையாவது சொல்லி மறுக்கலாம். 2024 நிலவரப்படி இந்தக் கதவை 65 வயதைக் கடந்த எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தவை கனெக்டிகட், மெய்ன், மாசசூசெட்ஸ், நியூயார்க் ஆகிய நான்கு மாநிலங்கள்தான். மற்ற மாநிலச் சட்டமன்றங்கள் மனது வைத்தால் நாளைக்கே செய்யலாம், வாஷிங்டனிடம் கேட்க வேண்டியதில்லை. வட கரோலினா, ஜார்ஜியா, வாஷிங்டன் மாநிலம், கலிஃபோர்னியா உட்படப் பதினொரு மாநிலங்களில் காப்பீட்டு ஆணையரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வசிக்கும் மாநிலங்களும் இவற்றில் உண்டு. அந்தத் தேர்தலில் நம் சங்கங்கள் வேட்பாளரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறோமா?

எங்களைக் காப்பாற்றியது மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன அமைப்பு. அதன் பெயர் ஷிப். அதே 1990 சட்டத்தில் பிறந்தது. வாஷிங்டன் பணம் கொடுக்கிறது, மாநிலம் நடத்துகிறது. இல்லாத மாநிலம் இல்லை. சிலவற்றில் பெயர் மட்டும் வேறு. எதையும் விற்காத, கமிஷன் வாங்காத ஆலோசகர்கள். எங்களுக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை, தன்னார்வலர். 2025 செப்டம்பரில் நூலகத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்து அம்மாவின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பென்சிலால் ஒரு தேதியை வட்டமிட்டார். மெடிகேப்பை விட்டுவிட்டு முதல் முறையாக அட்வாண்டேஜில் சேர்ந்தவருக்குப் பன்னிரண்டு மாதம் பரீட்சார்த்த உரிமை உண்டு. அதற்குள் திரும்பினால், பழைய நிறுவனம் அந்தப் பாலிசியை இன்னும் விற்றுக்கொண்டிருந்தால், நோயைக் காரணம் காட்டாமல் திருப்பித் தர வேண்டும். உங்களுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது என்றார். ஏழு மாதமாக எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். இந்த உரிமை இருக்கிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்டோபர் 1 முதல் அம்மா மீண்டும் பழைய ஏற்பாட்டில்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி: அம்மா இந்தியா போவாரா? போவார், கும்பகோணத்தில் தங்கை வீட்டில் சில சமயம் ஆறு மாதத்துக்கு மேலேயே இருந்துவிட்டு வருவார். அட்வாண்டேஜ் திட்டத்தின் சேவைப் பகுதியை விட்டுத் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்தால் பொதுவாகத் திட்டம் அவரை நீக்கியாக வேண்டும். மெடிகேப் ஜி போன்ற பாலிசிகளிலோ வெளிநாட்டுப் பயணத்தின் முதல் 60 நாளில் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் கழித்து 80 சதவீதம், வாழ்நாளில் 50,000 டாலர் வரை கிடைக்கும். நம் வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஸ்டாலில் நின்ற தம்பி கேட்கவில்லை.

அட்வாண்டேஜ் திட்டமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மெடிகேப் பிரீமியம் கட்ட முடியாதவர்களுக்கு அதுதான் வழி, நன்றாக நடக்கும் திட்டங்களும் இருக்கின்றன. தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான். மறுத்தால் விடாமல் கேட்கவும் தெரிய வேண்டும்: 2023ல் அட்வாண்டேஜ் திட்டங்களிடம் சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்டு முழுதாகவோ பகுதியாகவோ மறுக்கப்பட்டவை 32 லட்சம். அவற்றில் மேல்முறையீடு ஆனவை 11.7 சதவீதம் மட்டுமே. மேல்முறையீடு செய்தவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் மறுப்பு மாற்றப்பட்டது. ஆங்கிலத் தாளைத் தலையணைக்கடியில் மடித்து வைக்கும் அம்மாக்கள் அந்த 11.7க்குள் வருவதில்லை. ஒரு மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் சேவைப் பகுதியில் 5 சதவீதம் இருந்தால்தான் நிறுவனம் முக்கியத் தாள்களை அந்த மொழியில் தர வேண்டும். தமிழ் எந்த ஊரிலும் அந்த எண்ணிக்கையைத் தொடாது. விற்கும்போது மட்டும் தமிழ் வருகிறது.

இப்போது உங்களிடம் நான் கேட்பது. ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரைதான் எல்லோரும் மெடிகேரில் திட்டம் மாற்றும் முக்கியக் காலம். நம் தீபாவளி விழா அநேகமாக அந்த 54 நாளுக்குள்தான் வரும். அந்த ஸ்டாலுக்கு நீங்கள் வாங்கும் தொகையால்தான் அரங்க வாடகை சமாளிக்க முடிகிறது என்பதும் எனக்குத் தெரியும். கணக்கு வாசிக்கும் பொதுக்குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டால் கொடுங்கள். ஆனால் பிறந்த தேதி கேட்கும் குலுக்கல் சீட்டு வேண்டாம். தொலைபேசி அனுமதி எழுதி வாங்குவதென்றால் அது தமிழிலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஏஜெண்டின் மாநில உரிம எண் மேசை மேல் தெரியட்டும், அதைச் சங்கமும் குறித்து வைக்கட்டும். அதே வரிசையில், அதைவிட நல்ல இடத்தில், ஷிப் ஆலோசகருக்கு ஒரு மேசை இலவசமாக வேண்டும்.

இன்னொன்று சற்றுப் பெரியது. கூட்டமைப்பாகச் சேர்ந்து, மெடிகேர் அட்வாண்டேஜ் விற்பனையைக் கண்காணிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கும் கொடுங்கள் என்று நம் செனட்டர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் ஒரு மனு எழுத வேண்டும். மெடிகேப் கதவை ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து வையுங்கள் என்று மாநிலச் சட்டமன்றங்களுக்கு இன்னொன்று. வரைவை நான் எழுதி வைத்திருக்கிறேன். திருத்திக் கொடுக்க வழக்கறிஞர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு.

எங்கள் ஊரில் அந்த ஆசிரியை இந்தத் தீபாவளிக்கு வரச் சம்மதித்துவிட்டார். மடக்கு மேசை என் வீட்டில் இருக்கிறது, கொண்டு வருகிறேன். அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல நான் காலை பத்து மணியிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார், வாக்கரோடு. வாசலுக்கு அருகில், சாய்வுப் பாதை இருக்கும் பக்கமாக இடம் ஒதுக்கினால் போதும். செப்டம்பர் கூட்டத்துக்கு முன் பதில் சொன்னால் அவருக்கு உறுதி செய்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்